அக்காவின் மனுவும் மனைவியின் பிறந்த ஊரும்: அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான காத்திருப்பு பற்றி

குளத்துப்புழையிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உங்கள் அக்கா 2013 மார்ச்சில் உங்களுக்காக ஐ-130 என்னும் உறவினருக்கான குடியேற்ற மனுவைத் தாக்கல் செய்தார். அது 2021 மார்ச்சில் ஏற்கப்பட்டது. யாருடைய முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினில், 2025 செப்டம்பரில், உடன்பிறந்தோருக்கான எஃப்-4 பிரிவில் இந்தியாவுக்கு நேரே 2006 ஆம் ஆண்டின் தேதி காணப்படுவதால், இன்னும் ஏழு ஆண்டுகள் பொறுத்தால் போதும்தானே என்று கேட்கிறீர்கள். புனலூரில் செவிலியராகப் பணிபுரியும் உங்கள் மனைவி தம் தொழிலின் வழியாக விண்ணப்பித்தால் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது என்று நண்பர்கள் சொன்னதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டீர்கள். இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தால் கோப்பை முன்னே நகர்த்தித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். 2009 ஜூனில் பிறந்த மகள் உங்களுடன் வர முடியுமா என்பதே உங்களை எல்லாவற்றையும்விட வருத்துகிறது. கடிதத்தின் கடைசியில், உங்கள் மனைவி இலங்கையின் ஹட்டன் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்றும், 1982-இல் தாய்நாடு திரும்பிய பெற்றோருடன் கைக்குழந்தையாக வந்து, மறுவாழ்வுத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவர் என்றும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பதிலில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைச் சுற்றியே அமையும்.

முகவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கொடுக்க வேண்டாம். எஃப்-4 வரிசையில் உங்கள் இடத்தை முடிவு செய்வது 2013 மார்ச்சில் மனு சென்று சேர்ந்த நாள் ஒன்றே. அதைத்தான் பிரயாரிட்டி தேதி என்கிறார்கள். அந்தத் தேதியை மாற்றும் அதிகாரம் புனலூரிலோ சென்னையிலோ வாஷிங்டனிலோ உள்ள எந்த அலுவலருக்கும் இல்லை.

அடுத்து, காத்திருப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் கலந்து பேசப்படுகின்றன. சுற்றுலா விசாவுக்கோ மாணவர் விசாவுக்கோ சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நாள் கிடைக்க எத்தனை மாதம் ஆகிறது என்பது அலுவலகத்தின் வேலைச்சுமையைப் பொறுத்தது; ஆட்களைக் கூட்டினால் அது குறையும். குடியேற்ற விசாவில் நீங்கள் காத்திருப்பது அலுவலருக்காக அல்ல, ஒரு எண்ணுக்காக. ஆண்டொன்றுக்கு இத்தனை விசாதான் என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கும்போது, எத்தனை அலுவலர்களை நியமித்தாலும் அந்த வரிசை வேகமாக நகராது. உங்கள் மனு 2021-இல் ஏற்கப்பட்டதும் விசா கிடைத்துவிடும் என்று உறவினர்கள் எதிர்பார்த்ததும், பிறகு ஏமாந்ததும் இந்த வேறுபாடு தெரியாததால்தான். மனு ஏற்கப்பட்டதால் உறவுமுறை உண்மையானது என்று உறுதியாயிற்று. விசா எண் ஒதுக்கப்படுவது தனிக் காரியம்.

வரம்புகளை எண்களாகவே பாருங்கள். அமெரிக்கக் குடிமக்களின் கணவர் அல்லது மனைவி, பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. மற்ற குடும்ப உறவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு அடிப்படையாக 2,26,000 விசாக்கள். அவற்றில் உடன்பிறந்தோர் பிரிவான எஃப்-4க்கு 65,000. வேலைவழிப் பிரிவுகளுக்கு 1,40,000. இவற்றின் மேல், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற தடை உண்டு. இரண்டும் சேர்ந்த 3,66,000-இல் அது 25,620. எஃப்-4க்குள்ளும் அதே விகிதத்தைப் பொருத்தினால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,550 விசாக்கள் வருகின்றன. இந்த எண்ணிக்கை மனுக்களுக்கானதன்று, ஆட்களுக்கானது. தம்பி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு மனுவின் கீழ் நால்வர் போனால் நான்கு விசாக்கள் கழிந்துவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தியா முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களே இந்தக் கதவு வழியாக உள்ளே போகின்றன. மேலே உள்ள பிரிவுகளில் மிஞ்சுபவை சில ஆண்டுகளில் கீழே இறங்குவதால் எண் சற்றுக் கூடலாம். ஆனால் அளவு இதுதான்.

இப்போது உங்கள் ஏழு ஆண்டுக் கணக்கு. 2013-இலிருந்து 2006-ஐக் கழித்தால் ஏழு வருவது சரிதான். ஆனால் உங்களுக்கு முன்னால் ஏழு ஆண்டுகளில் தாக்கலான மனுக்கள் நிற்கின்றன என்பதற்கு மேல் அந்த ஏழு எதையும் சொல்வதில்லை. அந்த மனுக்கள் தீர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது தனிக் கேள்வி. 2015 முதல் 2025 வரையான பத்தாண்டுகளில் எஃப்-4 பிரிவின் இந்தியத் தேதி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்தான் முன்னேறியிருக்கிறது. நாட்காட்டி பத்து ஆண்டு நகர, வரிசை நான்கு ஆண்டு நகர்கிறது. இதே வேகம் நீடித்தால் 2013 மார்ச் வருவதற்குப் பதினாறு, பதினேழு ஆண்டுகள் ஆகும். அதாவது 2040-ஐத் தாண்டிவிடும். இதைக் கேட்க உங்களுக்கு வலிக்கும் என்று அறிவேன். ஆனாலும் ஏழு ஆண்டு என்ற நம்பிக்கையில் வீட்டையும் வேலையையும் பிள்ளையின் படிப்பையும் அமைத்துக்கொண்டு பின்னர் தவிப்பதைவிட, இன்றே அறிவது நல்லது.

தேதி பின்னோக்கியும் போகும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் பயன்படாமல் போன குடும்ப விசாக்கள், சட்டப்படி அடுத்த நிதியாண்டில் வேலைவழிப் பிரிவுகளில் சேர்ந்தன. வழக்கமான 1,40,000 என்பது 2021, 2022 நிதியாண்டுகளில் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அதன் விளைவாக வேலைவழி இரண்டாம் பிரிவில் இந்தியத் தேதி 2022 செப்டம்பரில் 2014 டிசம்பர் வரை ஓடியது. பார்த்தவர்கள் எல்லாம் வரிசை கரைந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே, புதிய நிதியாண்டு தொடங்கியதும், அது 2012 ஏப்ரலுக்கு இறங்கி, டிசம்பரில் 2011 அக்டோபருக்குப் போய்விட்டது. அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை என்பதால், கோடையில் தேதி ஓடுவதையும் ஆண்டின் இறுதியில் சுருங்குவதையும் கண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் இருப்பதையும் கவனியுங்கள். இது 2015 அக்டோபரில் வந்த ஏற்பாடு. ஒன்று விசா உண்மையாகவே வழங்கப்படக்கூடிய தேதி. மற்றொன்று தாள்களைச் சமர்ப்பிக்கத் தொடங்கலாம் என்று சொல்லும், சற்று முன்னேறிய தேதி. இரண்டாவது அட்டவணையைப் பார்த்துவிட்டு வேலையை விட்டவர்கள் உண்டு. அது தாள் சேகரிப்பதற்கான அழைப்பு மட்டுமே.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஏழு விழுக்காட்டுத் தடை ஒருவருடைய குடியுரிமையைப் பார்ப்பதில்லை. அவர் பிறந்த நாட்டைப் பார்க்கிறது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகப் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டது. அந்த ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்கள். ஆனால் அமெரிக்க விசாக் கணக்கில் உங்கள் மனைவி இலங்கையில் பிறந்தவர். புல்லட்டின் அட்டவணையில் இலங்கைக்குத் தனிப் பத்தி, அதாவது தனி நெடுவரிசை, கிடையாது; தனியே பெயர் குறிக்கப்படாத எல்லா நாடுகளுக்குமான பொதுப் பத்தியில்தான் அவர் அடங்குவார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பது இதை மாற்றாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒருவர் மற்றவரின் பிறந்த நாட்டுக் கணக்கில் சேர்ந்துகொள்ள அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இடம் தருகிறது. அக்காவின் மனு உங்கள் பெயரில் இருந்தாலும், உங்கள் மனைவி உங்களுடன் சேர்ந்து குடியேறுவாராயின், நீங்கள் இந்தியப் பத்தியை விட்டுப் பொதுப் பத்தியின் தேதியைக் கோரலாம். மகளும் அதே கணக்கில் வருவாள். இது தானாக நடப்பதன்று. உங்கள் கோப்பு இந்தியா என்றே பதிவாகியிருக்கும். ஏற்கப்பட்ட மனுக்களை நேர்காணல் வரை கையாளும் அமெரிக்கத் தேசிய விசா மையத்துக்கு ஆதாரத்துடன் எழுதிக் கேட்க வேண்டும்.

எஃப்-4 பொதுப் பத்தி 2025 செப்டம்பரில் 2008-இன் தொடக்கத்தை ஒட்டி இருந்தது. இந்தியத் தேதியைவிட ஓராண்டுக்குச் சற்று அதிகம்தானே, இதனால் என்ன பயன் என்று தோன்றலாம். ஆனால் கடந்த பத்தாண்டுகளில் அந்தப் பத்தி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நகர்ந்திருக்கிறது. உங்கள் தேதிக்கும் அதற்கும் இடையே இருப்பது ஐந்தாண்டு சொச்சம். வேகம் மாறாதிருந்தால் 2035, 2036 வாக்கில் உங்கள் முறை வரலாம். 2041-க்கும் 2036-க்கும் இடையிலான அந்த ஐந்தாண்டுகளில்தான் உங்கள் மகளின் இடம் தீர்மானமாகிறது.

21 வயது நிறைந்த பிள்ளை பெற்றோரின் மனுவில் தொடர முடியாது என்பது பொது விதி. 2002 ஆகஸ்டில் வந்த பிள்ளைகளின் நிலைப் பாதுகாப்புச் சட்டம் அந்த வயதைக் கணக்கிட ஒரு முறையைத் தந்தது: விசா எண் கிடைக்கும் மாதத்தின் முதல் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து மனு முடிவாகாமல் நிலுவையில் கிடந்த காலத்தைக் கழிக்க வேண்டும். உங்கள் அக்காவின் மனு எட்டு ஆண்டுகள் நிலுவையில் கிடந்தது என்று நொந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாமதத்தால் வரிசையில் நீங்கள் எதையும் இழக்கவில்லை. மகளின் கணக்கிலோ அந்த எட்டு ஆண்டுகள் முழுவதும் கழிவாகக் கிடைக்கின்றன. இந்தியப் பத்தியின்படி 2041-இல் அவளுக்கு 32 வயது, எட்டைக் கழித்தால் 24, வாய்ப்பு இல்லை. பொதுப் பத்தியின்படி 2036-இன் தொடக்கத்தில் 26 வயது. எட்டைக் கழித்தால் 18. அவள் உங்களுடன் வரலாம். வரிசை நான் கொண்ட மதிப்பைவிட இரண்டு ஆண்டு தாமதமானாலும் அவள் வரம்புக்குள்தான் இருப்பாள். இது உறுதிமொழியன்று, கடந்த வேகத்தை வைத்துப் போட்ட மதிப்பு. ஆனால் இல்லவே இல்லை என்ற நிலைக்கும் இருக்கலாம் என்ற நிலைக்கும் உள்ள தூரம் பெரிது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அதுவரை அவள் மணமாகாதவளாக இருக்க வேண்டும். விசா எண் கிடைத்த ஓராண்டுக்குள் அவளுக்காக விண்ணப்ப நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இருபத்தாறு வயது வரை ஒரு பெண்ணின் திருமணத்தை ஒரு விசாவுக்காகத் தள்ளிப்போடச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த முடிவு அவளுடையது, அதை அவளிடம் இப்போதே விளக்கிச் சொல்வது உங்கள் கடமை என்று மட்டும் கருதுகிறேன்.

வயது கடந்துவிட்டால் பழைய தேதியையாவது வைத்துக்கொண்டு வேறு வரிசையில் நிற்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உடன்பிறந்தோர் மனுவில் அந்த வழி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துவிட்டது.

மனைவியின் தொழில்வழி பற்றி உங்கள் நண்பர்கள் சொன்ன பன்னிரண்டு ஆண்டு, இந்தியாவில் பிறந்த செவிலியருக்குப் பொருந்தும். 2025 செப்டம்பரில் வேலைவழி மூன்றாம் பிரிவின் இந்தியத் தேதி 2013 மே 22. பொதுப் பத்தியின் தேதி 2023 ஏப்ரல் 1. பத்தாண்டு வேறுபாடு! கேரளத்திலிருந்து போக விரும்பும் ஆயிரக்கணக்கான செவிலியருக்கு இல்லாத வழி, தோட்டத்தில் பிறந்ததால் உங்கள் மனைவிக்குத் திறந்திருக்கிறது. உங்கள் ஊரிலும் ஆயிரநல்லூரிலும் இலங்கையில் பிறந்து செவிலியரானவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

செவிலியர் பணி, ஆள் பற்றாக்குறை உள்ளதென அமெரிக்கத் தொழிலாளர் துறை முன்கூட்டியே வகைப்படுத்திய பட்டியலில் இருப்பதால், மற்றத் தொழில்களுக்கு வேண்டிய நீண்ட தொழிலாளர் சான்றிதழ்ச் சடங்கு இதற்கு இல்லை. மருத்துவமனை நேரடியாக ஐ-140 என்னும் வேலைவழிக் குடியேற்ற மனுவைத் தாக்கல் செய்யும் நாளே பிரயாரிட்டி தேதி. அதற்கு முன் வழக்கமாக என்கிளெக்ஸ் என்னும் அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வில் தேற வேண்டும். விசாவுக்கு முன் ஆங்கிலத் தேர்வும், படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றும் வேண்டும். இவற்றுக்கு ஓராண்டாவது பிடிக்கும். அதன்பின் வரிசையில் இரண்டு, மூன்று ஆண்டுகள். மகளுக்கு இப்போது பதினாறு. தொடங்குவதை ஓராண்டு ஒத்திவைத்தால், அந்த ஓராண்டு அவளுடைய வயதிலிருந்துதான் போகும். ஆகவே இவ்வழியில் விருப்பம் இருந்தால் உடனே தொடங்குங்கள். இங்கே ஒரு நுட்பம்: கூடுதல் கட்டணம் செலுத்தினால் ஐ-140 மனுவைச் சில வாரங்களில் முடித்துத் தருவார்கள். வரிசை இருக்கும் பிரிவில் அதனால் விசா முந்தி வராது. மாறாக, மகளின் வயதிலிருந்து கழிக்க வேண்டிய நிலுவைக் காலம் சுருங்கிவிடும். வேலை தரும் மருத்துவமனையிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையில் பிறந்தவர் என்பதால் அமெரிக்காவுக்குக் குறைவாகக் குடியேறும் நாடுகளில் பிறந்தவர்களுக்கான பன்முகக் குடியேற்றக் குலுக்கலிலும் உங்கள் மனைவி பங்கு பெறலாம். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது இல்லை. அத்திட்டம் நடைமுறையில் இருக்கும் ஆண்டில், அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் மட்டும் பதியுங்கள். அது அதிர்ஷ்டம், திட்டமாகக் கொள்ளத்தக்கதன்று.

இவை அனைத்தும் ஒரு தாளில் தொங்குகின்றன. உங்கள் மனைவி இலங்கையில் பிறந்தார் என்பதற்கான பிறப்புச் சான்று இருக்கிறதா? திரும்பி வந்த குடும்பங்களில் பல, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த இடத்தைக் கேரளம் என்றே எழுதிவிட்டன; அது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் ஏறிவிட்டது. விசா அலுவலர் முன் ஒரு தாள் ஹட்டன் என்றும் இன்னொன்று புனலூர் என்றும் சொன்னால், உண்மையான கோரிக்கையே ஐயத்துக்கு இடமாகும். இலங்கைப் பதிவாளர் நாயகத் திணைக்களத்தில், பிறப்பு பதிவான கோட்டத்தைக் குறிப்பிட்டுச் சான்றின் படியைப் பெறலாம். தோட்டப் பதிவுகளில் தந்தை பெயரும் எழுத்துகளும் இன்றைய தாள்களிலிருந்து மாறுபடக்கூடும். பெற்றோரின் பழைய பாஸ்போர்ட்டும், மண்டபம் முகாமில் தந்த குடும்ப அட்டையும் அப்போது துணைநிற்கும். அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் தவறாக இருந்தால், சான்று கைக்கு வந்ததும் திருத்திக்கொள்ளுங்கள். நேர்காணல் நெருங்கும்போது திருத்தினால் கேள்விகள் பெருகும்.

மற்றவை சுருக்கமாக. தேசிய விசா மையத்தின் அறிவிப்புக்கு ஓராண்டு பதில் தராமல் விட்டால் பதிவு நீங்கிவிடும். எனவே முகவரியும் மின்னஞ்சலும் மாறும்போதெல்லாம் அக்கா மூலமாகவோ நீங்களாகவோ தெரிவியுங்கள். அக்கா காலமானால் மனு தானாக ரத்தாகும். கருணை அடிப்படையில் மீட்கக் கேட்கலாம், ஆனால் கிடைத்தே தீரும் என்பதில்லை. ஆகவே அவர் வயதையும் உடல்நிலையையும் எண்ணாமல் இந்த மனு ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம். இடையில் அக்காவைப் பார்க்கச் சுற்றுலா விசா கேட்டால், உங்களுக்காகக் குடியேற்ற மனு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் வாழ்நாள் தடை வரைக்கும் போகும். மனு இருப்பதால் மறுக்கப்பட்டால், மறுப்பு அந்தச் சுற்றுலா விசாவோடு நின்றுவிடும்.

முதல் வேலையாக, மாமனார் மாமியாரிடம் கேட்டு, தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் பிறப்பு பதிவான ஊரையும் எழுதி வாங்குங்கள். அந்த விவரங்களை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் அவர்கள் இருவர்தான். அவற்றோடு சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வந்ததும் எனக்கு எழுதுங்கள். தேசிய விசா மையத்துக்கு அனுப்ப வேண்டிய கோரிக்கைக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.